கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி பாட்டு போடறவங்க

டிஜேக்கள் நாலு பேர் ஒரு இடத்துல சேர்ந்தா பேச்சு எதுல ஆரம்பிச்சாலும் சரி, கடைசில யாரு நிஜமான டிஜே, யாரு சும்மா பட்டன் அமுக்கறவன்ங்கிற சண்டைலதான் வந்து முடியும். வினைல்ல, அதாவது பழைய ரெக்கார்டு தட்டுல, போடறவர் சிடி பிளேயர்ல போடறவர மதிக்க மாட்டார், அவர் லேப்டாப் கொண்டு வர்றவர மதிக்க மாட்டார், அந்த லேப்டாப்காரர் ரெண்டு பாட்டோட வேகத்தையும் தானா சேர்த்துக் குடுக்கற சிங்க் பட்டன் யூஸ் பண்றவன பாத்து உச்சு கொட்டுவார், இவங்க எல்லாரும் சேர்ந்து பெரிய ஃபெஸ்டிவல் மேடைல கைய தூக்கி குதிக்கிறவர திட்டுவாங்க. இத நான் பல வருஷமா டிஜே நிக்கிற பூத்துக்கு உள்ள நின்னும் வெளிய நின்னும் கேட்டுட்டு இருக்கேன். நான் பெரும்பாலும் வார்ம்-அப் செட் போடற ஆள். கதவு திறக்கும்போது ஹால் காலியா இருக்கும், அப்ப ஆரம்பிச்சு, ஆளுங்க வந்து சேர்ந்து, சூடு பிடிக்கிற நேரத்துல மெயின் டிஜே கைல குடுத்துட்டு இறங்கிடணும், அதுதான் வேலை. இங்க எழுதறது எல்லாம் அந்த இடத்துல நின்னு பாத்ததுதான், அத முன்னாடியே சொல்லிடறேன்.

என் மனசுல இருக்கறது இதுதான். எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக் உலகத்துல திறமைக்கு பஞ்சமே இல்ல, ஆனா பேரும் மரியாதையும் போய் சேர்ற வழி ரொம்ப கோணலா இருக்கு. அதுக்கு புரமோட்டர், ஏஜென்ட், சோஷியல் மீடியானு எல்லார் மேலயும் பழி போடலாம், தப்பில்ல. ஆனா பாதி கோணல் டிஜேக்களான நாமளே ஒருத்தர ஒருத்தர் நடத்துற விதத்துல இருந்து வர்றது, அத யாரும் பேச மாட்டேங்கறாங்க.

முதல்ல அந்த மெஷின் சண்டைய முடிச்சுடறேன். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200ங்கிற டர்ன்டேபிள், அதாவது ரெக்கார்டு பிளேயர், 1972-ல வந்தப்ப அது வீட்ல உக்காந்து பாட்டு கேக்கறவங்களுக்காக செஞ்ச சாமான், கிளப்புக்காக இல்ல. மோட்டார் நேரா தட்ட சுத்தும், கையால பிடிச்சு நிறுத்தி விட்டா டக்குனு பழைய வேகத்துக்கு வந்துடும், அதனால டிஜேக்கள் அத தங்களோடதா ஆக்கிக்கிட்டாங்க. 2001-ல பயனியர் சிடிஜே-1000ங்கிற சிடி பிளேயர் வந்துச்சு, சிடிய வினைல் மாதிரியே கையால முன்ன பின்ன தள்ளலாம்னு ஆச்சு, உடனே இதெல்லாம் டிஜேயிங்கே இல்லனு ஒரு குரூப் கிளம்புச்சு. 2012-ல சிடிஜே-2000 நெக்சஸ்ல சிங்க் பட்டனே வந்துடுச்சு, இப்ப அந்த சிடிஜே-1000 காலத்து ஆளுங்களே இந்த பட்டன் கலைய கெடுத்துடுச்சுங்கறாங்க. டெக்னிக்ஸ் 2010-ல எஸ்எல்-1200 தயாரிப்ப நிறுத்தி, 2016-ல திரும்ப ஆரம்பிச்சாங்க, நடுவுல அந்த ஆறு வருஷமும் உலகத்துல டான்ஸ் ஃப்ளோர் எதுவும் நின்னு போகல.

பீட்மேட்சிங், அதாவது ரெண்டு பாட்டோட தாளத்தையும் கையால ஒண்ணா சேர்க்கறது, பெரிய விஷயம்தான், நான் இல்லனு சொல்லல. ஒரு காதுல ஹெட்ஃபோன், இன்னொரு காதுல ஹால்ல ஓடற பாட்டு, ரெண்டோட கிக் ட்ரம்மும் ஒரே நேரத்துல விழுதானு கவனிக்கணும், புதுசு கொஞ்சம் முன்னாடி ஓடுச்சுனா குதிரை ஓடற மாதிரி ஒரு தடதட சத்தம் கேக்கும், தட்டோட ஓரத்துல விரல லேசா வெச்சு மெதுவாக்கணும், வேகத்த மாத்தற பிட்ச் ஸ்லைடர நூல் அளவு இறக்கணும், அது பிடிபட்டதும் வர்ற சந்தோஷத்த சொல்லி புரிய வைக்க முடியாது. நியூயார்க்ல சாங்ச்சுவரி கிளப்ல ஃபிரான்சிஸ் கிராஸோ இத எந்த வசதியும் இல்லாத மெஷின்ல செஞ்சு காமிச்சார், இன்னிக்கு நாம பண்றதுக்கு எல்லாம் அவர்தான் வழி போட்டவர். ஆனா அதே நியூயார்க்ல 1970-ல தி லாஃப்ட்ங்கிற பேர்ல தன் வீட்லயே பார்ட்டி நடத்த ஆரம்பிச்ச டேவிட் மான்குசோ பிற்காலத்துல மிக்ஸ் பண்றதயே விட்டுட்டார். ஒரு பாட்டு, முதல்ல இருந்து கடைசி வரைக்கும், எழுதினவங்க எப்படி முடிச்சாங்களோ அப்படியே முடியும், ஜனங்க கை தட்டுவாங்க, அடுத்த பாட்டு. இந்த கலாச்சாரமே அவர் வீட்ல இருந்துதான் கிளம்புச்சுனு சொல்றாங்க, அவர் மிக்ஸ் பண்ணல. அப்ப பட்டன வெச்சு ஆள எடை போடறதுல என்ன அர்த்தம் இருக்கு சொல்லுங்க.

2012-ல டெட்மௌ5ங்கிற பிரபல டிஜே ஒரு பதிவு எழுதினார், பெரிய மேடைல நாங்க எல்லாரும் பிளே பட்டன அமுக்கறவங்கதான்னு வெளிப்படையா சொன்னார், பெரிய ரகளை ஆச்சு. அவர் சொன்னதுல பெரும்பகுதி நியாயம். ஆயிரக்கணக்கான பேர் நிக்கிற மேடைல லைட், வீடியோ, நெருப்பு எல்லாம் பாட்டோட நொடி நொடியா சேர்ந்து போகணும்னா செட் முன்னாடியே முடிவாகி இருக்கணும், வேற வழி இல்ல. அது ஒரு ஷோ, அதுக்குனு தனி உழைப்பு இருக்கு, அத கேவலமா பேசறதுல எனக்கு உடன்பாடு இல்ல. என் வருத்தம் வேற. அந்த ஷோ வேலையும், ஒரு சின்ன ஹால்ல ஆறு மணி நேரம் எதிர்ல நிக்கிறவங்க முகத்த பாத்து பாத்து அடுத்த பாட்ட எடுக்கிற வேலையும் ஒரே பேர்ல, ஒரே லிஸ்ட்ல, ஒரே தராசுல நிறுத்தப்படுது. தராசு எந்த பக்கம் சாயும்னு எல்லாருக்கும் தெரியும்.

லிஸ்ட்னதும் டிஜே மேக்ங்கிற பத்திரிகையோட டாப் 100 டிஜே லிஸ்ட்ட சொல்லாம இருக்க முடியாது. 1997-ல இருந்து அது பொதுமக்கள் ஓட்டுல முடிவாகுது. டியஸ்டோ 2002, 2003, 2004-னு வரிசையா மூணு தடவ முதலிடம், ஆர்மின் வான் ப்யூரன் அஞ்சு தடவ, மார்ட்டின் கேரிக்ஸ் 2016-ல முதல் தடவ ஜெயிச்சப்ப அவருக்கு 20 வயசு. இவங்க யாருக்கும் திறமை இல்லனு நான் சொல்ல மாட்டேன், கேரிக்ஸ் அந்த வயசுல ஒரு மெலடிய கட்டுற விதம் அபாரம். ஆனா ஓட்டு கேட்டு விளம்பரம் பண்ற அளவுக்கு அது ஒரு தேர்தலா மாறிடுச்சு, பணம் இருக்கறவங்க பிரச்சாரம் பண்றாங்க, ரேங்க் ஏறினா புக்கிங் ஃபீஸ் ஏறுது, ஏறின ஃபீஸ்ல அடுத்த வருஷ பிரச்சாரம். ரெசிடென்ட் அட்வைசர்ங்கிற இசை வெப்சைட் நடத்திட்டு இருந்த டிஜே ஓட்டெடுப்ப அவங்களே 2017-ல நிறுத்திட்டாங்க, வருஷா வருஷம் ஒரே மாதிரி ஆளுங்க, பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்கள், மேல வர்றத பாத்துட்டு இது இந்த இசைய காட்டலனு முடிவு பண்ணாங்க. தன் கைல இருக்கற ஒரு பெரிய அதிகாரத்த தானா விட்டுக் குடுத்தாங்கனு எனக்கு அவங்க மேல இன்னிக்கும் மரியாதை உண்டு.

பெண் டிஜேக்கள் விஷயம் இதவிட மோசம். ஃபீமேல் பிரஷர்னு ஒரு அமைப்பு, எலக்ட்ரிக் இண்டிகோங்கிற ஆஸ்திரியா டிஜே 1998-ல ஆரம்பிச்சது, அவங்க 2013-ல முதல் தடவையா ஃபெஸ்டிவல் லைன்-அப்ப எல்லாம் உக்காந்து எண்ணினாங்க. பெண்கள் 10 சதவீதம் கூட இல்ல. தொடர்ந்து எண்ணிட்டே வந்தாங்க, 2020, 2021 வாக்குல அது கால்வாசிக்கு மேல போச்சு. யாரோ பொறுமையா எண்ணி எண்ணி மூஞ்சிக்கு முன்னாடி நீட்டுனதாலதான் இந்த மாற்றம் வந்துச்சு, தானா வரல. நான் கூட வேலை செஞ்ச ஒரு பெண் டிஜே, என்னவிட காது கூர்மையானவங்க, ஒவ்வொரு தடவ பூத்துல ஏறும்போதும் யாராவது ஒருத்தர் வந்து மிக்ஸர்ல எது எதுனு விளக்கம் சொல்ல ஆரம்பிப்பார். அவங்க சிரிச்சுட்டே கேட்டுக்குவாங்க, அப்புறம் திரும்பி அந்த ஆள் தப்பா ஏத்தி வெச்சிருந்த கெயின, அதாவது சத்த அளவ, இறக்குவாங்க. ஆண் டிஜே யாருக்கும் அப்படி ஒரு வகுப்பு நடந்து நான் பாத்தது இல்ல.

பணத்த பத்தி ஒரு வரி. ஃபோர்ப்ஸ் கணக்குப்படி டிஜே கால்வின் ஹாரிஸ் 2013-ல 46 மில்லியன் டாலர் சம்பாதிச்சார், அடுத்த வருஷம் 66 மில்லியன். அதே வருஷங்கள்ல, அந்த மாதிரி பெரிய பேருக்கு முன்னாடி ஹால சூடு பண்ற வேலை உலகம் பூரா பல இடத்துல ரெண்டு ட்ரிங்க் டோக்கனுக்கும் எக்ஸ்போஷர், அதாவது நாலு பேருக்கு பேர் தெரியும்ங்கிற வார்த்தைக்கும் நடந்துச்சு, இன்னும் நடக்குது.

வார்ம்-அப் என்னனு வெளிய இருக்கறவங்களுக்கு தெரியறது இல்ல, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். ஹால் காலி. பார்ல ரெண்டு பேர், சுவர் ஓரமா மூணு பேர், லைட்காரர் ஏணில ஏறி ஏதோ சரி பண்ணிட்டு இருப்பார். இந்த நேரத்துல பெரிய பாட்டு போட்டா வந்தவங்களுக்கு கூச்சம் வந்துடும், காலியான ஹால்ல முதல் ஆளா ஆட யாருக்கும் தைரியம் இருக்காது. அதனால 116, 118 பிபிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு அத்தனை தாளம்ங்கிற வேகத்துல, ஆரம்பிக்கணும், பேஸ் இருக்கணும் ஆனா நெஞ்சுல இடிக்கக் கூடாது, பாட்டு இருக்கணும் ஆனா பேச்ச மறைக்கக் கூடாது, சவுண்ட் லெவல் கொஞ்சம் கீழயே இருக்கணும், ஏன்னா முதல்லயே மேல போயிட்டா ராத்திரி போகப் போக ஏத்த இடம் இருக்காது, கேக்கறவங்க காதும் களைச்சுடும். அப்புறம் தலை ஆட ஆரம்பிக்கும். கைல கிளாஸோட ஒரு தோள் அசையும். அத பூத்துல இருந்து பாக்கறது இருக்கே, அதுதான் இந்த வேலைல பெரிய சந்தோஷம். ஒரு பொண்ணு பைய தரைல வெச்சுட்டா ஜெயிச்சாச்சு, இனி போக மாட்டா. அவள பாத்து ரெண்டு பேர், அவங்கள பாத்து நாலு பேர். அந்த நேரம் பாத்து ஒரு பிபிஎம் ஏத்தணும், ஒண்ணே ஒண்ணு, யாருக்கும் தெரியக் கூடாது. 

இதுல கஷ்டமான பகுதி, கைல இருக்கறத போடாம இருக்கறது. பைல 10 நல்ல பாட்டு இருக்கும், போட்டா ஹால் வெடிக்கும்னு தெரியும், ஆனா அது நமக்கு அப்புறம் வர்றவரோட நேரம். அவரோட பிரபலமான ட்ராக் எதையும் தொடக் கூடாது, அவர் எந்த வேகத்துல ஆரம்பிப்பாரோ அதுக்கு ரெண்டு மூணு பிபிஎம் கீழயே நிறுத்தி வைக்கணும், ஜனங்கள பசியோட விட்டுட்டு இறங்கணும். நல்லா செஞ்சா யாரும் கவனிக்கவே மாட்டாங்க, இன்னிக்கு மெயின் டிஜே முதல் பாட்டுலயே ஹால பிடிச்சுட்டார்னு சொல்லுவாங்க, அவர் முதல் பாட்டுக்கு முன்னாடி ஓடின ரெண்டு மணி நேரத்த யாரும் சொல்ல மாட்டாங்க. அது எனக்கு பழகிடுச்சு. ஜனங்க கவனிக்காம போறது இயற்கை. ஆனா அடுத்து வர்ற டிஜேக்கு தெரியும். அவரும் இதே வேலைய செஞ்சுதானே மேல வந்திருப்பார், அவர் கவனிக்காத மாதிரி இருக்கறதுதான் வலிக்கும்.

ஒரு ராத்திரி, மெயின் டிஜே பேர் சொல்ல விரும்பல, ஓரளவு பெரிய ஆள். ஹால் நிறைஞ்சு, 124-ல ஒரு நீளமான ட்ராக், அதுல பியானோ மெதுவா உள்ள வர்ற இடம், ஜனங்க கண்ண மூடிட்டு இருந்தாங்க. இவர் பூத்துல ஏறி, ஒரு வணக்கம் கூட இல்லாம, என் சேனலோட ஃபேடர கீழ இழுத்தார். மொத்த ஹாலும் அமைதி. அவங்க ஆள் ஒருத்தர் மைக்ல அவர் பேர கத்தினார், அப்புறம் சைரன் மாதிரி ஒரு இன்ட்ரோ, அப்புறம் 130-ல அவர் செட். கூட்டம் கத்துச்சு, ஃபோன் எல்லாம் மேல போச்சு. என்னய பாக்காம போனது போகட்டும்னு விட்டுடலாம். ரெண்டு மணி நேரமா 300 பேர் ஒரே மூச்சா சேர்ந்து வந்த ஒரு இடம் இருந்துச்சு, அத அவர் ஒரு விரலால அழிச்சார், அது அவருக்கு ஒரு பொருட்டாவே தெரியல. முன் வரிசைல இருந்த ரெண்டு மூணு பேர் முழிச்சுட்டு சுத்தி பாத்தாங்க, தூக்கத்துல எழுப்பி விட்ட மாதிரி. அவங்களுக்கு நடந்ததுதான் எனக்கு இன்னும் கோவம்.

இதுக்கு நேர் எதிரா நடந்துக்கறவங்களும் இருக்காங்க, அவங்கள பத்தி சொல்லாம விட்டா பாவம். என்னய மாதிரி ஆளுங்க இதுல நீடிக்கறதே அவங்களாலதான். என் நேரம் முடிய அரை மணி நேரம் இருக்கும்போதே வந்து, பூத்துக்குள்ள ஏறாம டான்ஸ் ஃப்ளோர் நடுவுல நின்னு கேப்பாங்க. அப்புறம் வந்து, எங்க கொண்டு போய் விடப் போறீங்கனு கேப்பாங்க. யூஎஸ்பிய காலியா இருக்கற பிளேயர்ல போட்டுட்டு, ஈக்யூ திருகு எல்லாம் நடுவுல 12 மணி நிலைக்கு திருப்பி வெச்சுட்டு காத்திருப்பாங்க. என் கடைசி ட்ராக் முழுசா ஓடும், அதோட வால்ல அவங்க முதல் ட்ராக் தலை சேரும், ஹால்ல இருக்கறவங்களுக்கு ஆள் மாறினதே தெரியாது. அப்படி ஒருத்தர், ரொம்ப வயசான டிஜே, கைமாத்தினதுக்கு அப்புறமும் என் கடைசி ட்ராக்க இன்னொரு எட்டு நிமிஷம் லூப்ல ஓட விட்டு தன் பாட்டுக்கு அடில வெச்சிருந்தார். இறங்கிப் போகும்போது கேட்டேன், இவ்ளோ நேரம் ஏன் வெச்சிருந்தீங்கனு. நல்லா இருந்துச்சு, எடுக்க மனசு வரலனு சொன்னார். எந்த லிஸ்ட்ல எத்தனாவது இடம் குடுத்தாலும் எனக்கு அதுக்கு ஈடு ஆகாது.

இந்த இசையோட ஆரம்பத்தயே பாருங்க, கெஸ்ட் டிஜே யாரும் இத உருவாக்கல, ரெசிடென்ட்தான் உருவாக்கினாங்க. வாரா வாரம் அதே ஹால், அதே ஜனங்க, அவங்க நாடித்துடிப்பு தெரிஞ்ச ஒரு ஆள். 1977-ல சிகாகோல வேர்ஹவுஸ் கிளப் ஆரம்பிக்கும்போது முதல்ல கூப்பிட்டது லாரி லெவன்ங்கிற டிஜேய, அவர் நியூயார்க்க விட்டு வரலனு சொல்லிட்டார், அப்புறம் அவரோட சின்ன வயசு நண்பர் ஃபிராங்கி நக்கிள்ஸ் போனார். லெவன் நியூயார்க்ல பாரடைஸ் கராஜ் கிளப்ல 1987 வரைக்கும் இருந்தார். ரெண்டு பேருமே பத்து மணி நேரம் போடறது சாதாரணம். வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், ஓரின ஈர்ப்பு உள்ளவங்க, வேற எந்த இடத்துலயும் நிம்மதியா ஆட முடியாதவங்க. வெளிய நிலைமை என்னனா 1979 ஜூலைல அதே சிகாகோல ஒரு பேஸ்பால் மைதானத்துல டிஸ்கோ ரெக்கார்டுகள குவிச்சு வெடி வெச்சு கொண்டாடினாங்க. அந்த வெறுப்புக்கு நடுவுலதான் ஹவுஸ் மியூசிக்ங்கிற இந்த டான்ஸ் இசை வளர்ந்துச்சு.

அதே சிகாகோல மியூசிக் பாக்ஸ் கிளப்ல ரான் ஹார்டினு ஒரு டிஜே. ஒரு சின்ன பசங்க குரூப், ஃப்யூச்சர்னு பேர், ரோலண்ட் டிபி-303-ங்கிற பேஸ் மெஷின தப்பும் தவறுமா திருகி திருகி ஒரு விசித்திரமான டேப் கொண்டு வந்து குடுத்தாங்க. ஹார்டி முதல் தடவ போட்டப்ப ஃப்ளோர் காலி ஆயிடுச்சு. அவர் விடல. அதே ராத்திரி திரும்ப போட்டார், திரும்பவும் போட்டார், நாலாவது தடவ ஜனங்க பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆடினாங்க, ஆசிட் ஹவுஸ்ங்கிற வகையே அங்க இருந்து கிளம்புச்சு. இன்னிக்கு ஒரு மணி நேர ஸ்லாட்ல வந்து போற எந்த கெஸ்ட் டிஜேயும் இத செய்ய முடியுமா? ஃப்ளோர் ஒரு தடவ காலி ஆனா அடுத்த புக்கிங் கிடையாது. 2012 டிசம்பர்ல மயாமில ஒரு கிளப்ல டிஜே ஷேடோவயே நடுவுல நிறுத்தி இறங்க சொன்னாங்க, போட்ட பாட்டு வந்திருந்த கூட்டத்துக்கு ஒத்து வரலனு. அவ்ளோ பெரிய பேருக்கே அந்த கதினா புது ஆளு எங்க போய் ரிஸ்க் எடுப்பான்.

ஹார்டி 1992-ல இறந்தார், அதே வருஷம் லெவனும். உலகம் இந்த இசைல கோடி கோடியா பணம் பாத்தது எல்லாம் அவங்க போனதுக்கு அப்புறம். நக்கிள்ஸுக்கு மட்டும் கொஞ்சம் கிடைச்சுது. 1998-ல கிராமி விருதுல ரீமிக்ஸருக்குனு, அதாவது இருக்கற பாட்ட மாத்தி அமைக்கறவருக்குனு, விருது புதுசா ஆரம்பிச்சப்ப முதல் ஆளா அவருக்கு குடுத்தாங்க, 2004-ல சிகாகோல பழைய வேர்ஹவுஸ் இருந்த தெருவுக்கு அவர கௌரவிச்சு பேர் வெச்சாங்க. 2014-ல அவர் இறந்தார். அவர் இருக்கும்போதே கிடைச்சுதேங்கற அளவுல எனக்கு நிம்மதி.

இன்னொரு பழக்கம் இருக்கு, அதுவும் நம்ம ஆளுங்களே கொண்டு வந்தது. பாட்டோட பேர மறைக்கறது. இது ரொம்ப பழசு, ஜமைக்கால பெரிய ஸ்பீக்கர் வெச்சு தெருவுல பாட்டு போட்ட சவுண்ட் சிஸ்டம் காலத்துலயே லேபிள சுரண்டி எடுத்துடுவாங்க, எதிராளிக்கு எந்த ரெக்கார்டுனு தெரியக் கூடாது. நியூயார்க்ல கூல் ஹெர்க்ங்கிற டிஜே ரெக்கார்ட தண்ணில ஊற வெச்சு லேபிள பிச்சு எடுத்துடுவார். அந்த காலத்துல ரெக்கார்டு தேடறதே பெரிய உழைப்பு, கடை கடையா தூசில உக்காந்து எடுத்தது, அத பாதுகாத்தது எனக்கு புரியுது. ஆனா இன்னிக்கு ஒரு புது ப்ரொட்யூசர் ரூமுக்குள்ள உக்காந்து மாசக்கணக்குல செஞ்ச ட்ராக்க மெயில்ல அனுப்பறான், பெரிய டிஜே அத போட்டு 10,000 பேர ஆட வைக்கறார், வீடியோ ஓடுது, கீழ ட்ராக் ஐடி என்னனு நூறு பேர் கேக்கறாங்க, இவர் ஒரு கண்ணடிக்கிற பொம்மைய போட்டுட்டு போயிடறார். ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேங்கற கதைதான். ஒரே ஒரு வரி, அந்த பையன் பேர டைப் பண்றதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்? ட்ராக் ரிலீஸ் ஆகலனு சொல்லுவாங்க, சரி, ரிலீஸ் ஆகலனா ஆகலனு சொல்லி பேர போடலாம், யாரும் தடுக்கல.

பேர் வேண்டாம்னு தானா ஒதுங்கினவங்களும் உண்டு, அவங்க வேற ரகம். டெட்ராய்ட்ல அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குரூப் முகத்த மறைச்சுட்டு மேடை ஏறினாங்க, ஃபோட்டோக்கு நிக்க மாட்டாங்க, ஆள பாக்காதீங்க சத்தத்த கேளுங்கங்கறது அவங்க கொள்கை. இப்ப காத்து நேர் எதிரா அடிக்குது. 2010-ல லண்டன்ல பாய்லர் ரூம் ஒரு வெப்கேமரா முன்னாடி டிஜேய நிக்க வெச்சு ஒளிபரப்ப ஆரம்பிச்சுது, அதனால எத்தனையோ தெரியாத ஆளுங்க வெளிச்சத்துக்கு வந்தாங்க, அந்த நன்மைய நான் மறுக்கல. ஆனா கூட்டம் டிஜேக்கு பின்னாடி கேமராவ பாத்து நிக்கிற அமைப்பு அதோட பரவிடுச்சு, டிஜேயோட முகபாவம் ஒரு சரக்கா மாறிடுச்சு. இன்னிக்கு புக்கிங் பேசும்போது முதல் கேள்வி ஃபாலோயர்ஸ் எவ்ளோங்கறதுதான், மிக்ஸ் அனுப்புங்கனு கேக்கறவங்க அரிதாயிட்டாங்க. நல்ல காது இருக்கற, ஆனா கேமரா முன்னாடி குதிக்கத் தெரியாத எத்தனை பேர் இதுல காணாம போறாங்கனு நினைச்சா மனசு கனக்குது.

அரசாங்கம், கோர்ட்டு எல்லாம் கூட நமக்கு முன்னாடி போயிடுச்சுங்கறது ஒரு ஆச்சரியம். பெர்லின்ல பெர்க்ஹைன் கிளப்புக்கு விதிக்கிற வரி 19 சதவீதமா 7 சதவீதமானு ஒரு வழக்கு. கேளிக்கைனா 19, கச்சேரி மாதிரி கலை நிகழ்ச்சினா 7. ஜனங்க வர்றது குடிக்கவா இல்ல டிஜேயோட இசைய கேக்கவானு உக்காந்து விசாரிச்சு, 2016-ல கோர்ட்டு இது கலை நிகழ்ச்சிதான்னு சொல்லிடுச்சு. 2020-ல ஜெர்மனியோட உச்ச வரி நீதிமன்றமும் டெக்னோங்கிற எலக்ட்ரானிக் இசை நிகழ்ச்சிக்கு கச்சேரிக்கான சலுகை பொருந்தும்னு சொல்லுச்சு, டிஜே அடுத்தவங்க பாட்ட அப்படியே ஓட விடல, அதுல இருந்து புதுசா ஒண்ண உருவாக்கறார்ங்கற வாதத்த ஏத்துக்கிட்டாங்க. 2024 மார்ச்ல பெர்லின் டெக்னோ ஜெர்மனியோட யுனெஸ்கோ பண்பாட்டு மரபு பட்டியல்ல சேர்ந்துச்சு. அங்கி போட்ட நீதிபதிகள் கலைனு ஒத்துக்கிட்டத, பக்கத்துல நிக்கிற டிஜே சிங்க் பட்டன காட்டி இல்லங்கறார்.

தாங்கிக்கறத ஒரு பெருமையா பேசற பழக்கமும் எனக்கு பயமா இருக்கு. தூங்கல, சாப்பிடல, நாலு நாள்ல நாலு நாடுனு சொல்லிக்கறது ஒரு மெடல் மாதிரி. ஸ்வீடன் டிஜே அவிசி 2016-ல டூர் போறத நிறுத்தினப்ப அவருக்கு வயசு 26, 2018 ஏப்ரல்ல 28 வயசுல இறந்து போயிட்டார். அவர் உடம்பு கெட்டு பல தடவ ஷோவ ரத்து பண்ணப்ப எல்லாம் என்ன பேச்சு பேசினாங்கனு எனக்கு ஞாபகம் இருக்கு. பூத்துல இயர்பிளக் போட்டா கூட கிண்டல் பண்றவங்க இருக்காங்க, காது போச்சுனா இந்த வேலையே இல்லனு தெரிஞ்சும்.

ராயல்டி விஷயம் கடைசியா, ஏன்னா இதுல மட்டும் டிஜே நினைச்சா இன்னிக்கே ஏதாவது செய்ய முடியும். கிளப்புகள் இசை உரிமை அமைப்புகளுக்கு லைசென்ஸ் பணம் கட்டறாங்க, அந்த பணம் பாட்டு எழுதினவங்களுக்கு போகணும். ஆனா எந்த பாட்டு ஓடுச்சுனு யாரும் எழுதிக் குடுக்கலனா, ரேடியோல அதிகம் ஓடற பாட்டுங்க கணக்குல பங்கு பிரிச்சுடறதுதான் பல இடத்துல வழக்கம், ராத்திரி பூரா ஓடின சின்ன ப்ரொட்யூசருக்கு ஒண்ணும் வராது. கெட் பிளேட் கெட் பெய்டுனு ஒரு பிரச்சாரம் இதுக்காகவே நடந்துச்சு, பாட்ட தானா கண்டுபிடிக்கிற பெட்டிகள சில கிளப்ல வெச்சிருக்காங்க. பெட்டி இல்லாத இடத்துல டிஜே லிஸ்ட் குடுத்தாதான் உண்டு, பல பேர் குடுக்கறதில்ல, ரகசியம் போயிடும்னு. சிடிஜே பிளேயர் நாம போட்ட ஒவ்வொரு ட்ராக்கையும் வரிசையா யூஎஸ்பில ஹிஸ்டரினு தானாவே எழுதி வைக்குது. மறுநாள் லேப்டாப்ல சொருகி ரெகார்ட்பாக்ஸ்ங்கிற சாஃப்ட்வேர்ல பாத்தா மொத்தமும் கண் முன்னாடி இருக்கும். நான் அத எடுத்து கிளப் மேனேஜருக்கு அனுப்பிடுவேன், யார் ட்ராக் நல்லா போச்சோ அந்த ப்ரொட்யூசருக்கு தனியா ரெண்டு வரி எழுதுவேன், எத்தனாவது நிமிஷத்துல ஜனங்க கத்தினாங்கனு சேர்த்து. பத்துல எட்டு பேர் பதில் போடுவாங்க. போன மாசம் ஒரு பையன் பதில் எழுதினான், அவன் ட்ராக் அவன் ரூம தாண்டி ஓடினதே அதுதான் முதல் தடவயாம், வீடியோ இருக்கானு கேட்டான். வீடியோ இல்ல, காலியா இருந்த ஹால்ல முதல் அஞ்சு பேர ஆட வெச்சது உன் பாட்டுதான்னு எழுதி அனுப்பினேன், அடுத்த ட்ராக்க ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடியே எனக்கு அனுப்பிட்டான்.